காசும் பேரேடும்: நக்கமோட்டோவின் நாணய அறிக்கை பற்றி ஒரு விமர்சனம்

ஒன்பது பக்கங்களே கொண்ட ஓர் அறிக்கையை இலக்கிய ஏடொன்றில் விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதுவும் கதையன்று, கவிதையன்று; பணத்தைப் பற்றியது. ஆயினும், ஒரு காலகட்டத்து மனிதர் தம்மைப் பற்றியும் தம் அயலவரைப் பற்றியும் என்ன எண்ணியிருந்தனர் என்பதை அறிய விரும்புவோர் அக்காலத்துக் காவியங்களை மட்டும் படித்தாற் போதாது. அடைவுச் சீட்டுகளையும் காணி உறுதிகளையும் கணக்கேடுகளையும் படித்தல் வேண்டும். 2008ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆந் திகதி சதோஷி நக்கமோட்டோ என்ற பெயரில் வெளிவந்த பிட்கொயின் அறிக்கை அத்தகையதொரு சாசனம். கிரிப்டோ நாணயங்கள் என்று இன்று வழங்கும் அனைத்துக்கும் மூலமாய் அமைந்தது அதுவே.

அதனை எழுதியவர் யாரென்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. தமிழ் மாணவர்களுக்கு இது புதிய அனுபவமன்று. இயற்பெயர் மறைந்துபோன சங்கப் புலவரை அவர் ஆண்ட தொடரைக் கொண்டே செம்புலப்பெயனீரார் என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். பெயர் மறைந்தாலும் செயலின் சுவடு ஆளைக் காட்டும் என்பதற்கு அதுவொரு சான்று. இவ்வறிக்கையின் ஆசிரியர் கவனிக்கத் தவறியதும் ஏறக்குறைய இவ்வுண்மையையே என்பது நமது கருத்து.

அறிக்கை தோன்றிய சூழலை முதலில் நோக்குவோம். 2008 செப்டெம்பரில் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ந்தது. உழைப்பவனின் வீடு கடனுக்கு ஏலம் போய்க்கொண்டிருந்த வேளையில், வங்கிகளைக் காப்பாற்ற அரசுகள் பொதுப் பணத்தை வாரி இறைத்தன. பிட்கொயின் பேரேட்டின் முதற் பக்கம் 2009 ஜனவரி 3ஆந் திகதியன்று எழுதப்பட்டபோது, வங்கிகளுக்கான இரண்டாவது மீட்புதவி பற்றி அன்றைய லண்டன் டைம்ஸ் பத்திரிகை இட்ட தலைப்பும் அதனுள் பொறிக்கப்பட்டது. ஆகவே, இம்முறைமையின் பிறப்பில் நியாயமான ஒரு கோபம் உண்டு. வங்கி நம்மைக் கண்காணிக்கிறது. நினைத்தால் நமது கணக்கை முடக்குகிறது. நமது சேமிப்பைச் சூதாடித் தோற்றுவிட்டு நம்மிடமே ஈடு கேட்கிறது. இக்குற்றச்சாட்டுகளை எந்த முற்போக்காளனும் மறுக்கமாட்டான்.

கோபம் நியாயமானது என்பதனால் அதிலிருந்து பிறந்த தீர்வும் நியாயமானதாகிவிடாது. இவ்வறிக்கையின் தலைப்பிலே 'காசு' என்ற சொல் வருகிறது. ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாக வழங்கும் மின்னணுக் காசு முறைமை என்பதே அத்தலைப்பின் பொருள். காசு என்ற சொல் சாதாரண மக்களின் வாழ்வில் எதனைக் குறிக்கிறது? கைமாறியதும் முந்திய கையை மறந்துவிடும் பொருளை அது குறிக்கிறது. மகளின் பரீட்சைக் கட்டணத்துக்காகத் தாய் சங்கிலியை அடைவு வைக்கிறாள். அடைவுக் கடைக்காரருக்கு அது தெரியும். ஆனால் அவள் பெற்ற காசைக் கையிலெடுக்கும் புத்தகக் கடைக்காரருக்கு அது தெரியாது, அயல்வீட்டாருக்கும் தெரியாது. காசு பேசாதிருப்பதே ஏழையின் மானத்துக்குக் காவல். தலைப்பில் 'காசு' என்று வாக்களித்த ஆசிரியர் அறிக்கையின் உள்ளே நமக்குத் தருவது என்ன? உலகில் எவரும் எந்நேரமும் திறந்து படிக்கக்கூடிய, ஒரு வரியையும் அழிக்க முடியாத பேரேட்டைத் தருகிறார். பிளொக்செயின் என்று வழங்குவது இதுவே. தலைப்புக்கும் உள்ளடக்கத்துக்குமிடையே உள்ள இம்முரண்பாடே இவ்வறிக்கையின் அடிப்படைக் குறை.

இம்முரண்பாட்டை ஆசிரியர் அறியாதவரல்லர். அறிக்கையின் பத்தாவது பகுதி அந்தரங்கத்தைப் பற்றியது. அவர் கூறுவதன் சாரம் இது: பழைய வங்கி முறையில், கொடுப்பவர், வாங்குபவர், இடையிலுள்ள வங்கி ஆகியோர் தவிரப் பிறர் கணக்கைப் பார்க்க முடியாது. புதிய முறையில் எல்லாக் கொடுக்கல் வாங்கல்களும் பகிரங்கமாக்கப்படுவதால் அந்த மறைப்பு இல்லை. எனினும், தகவல் ஓடும் பாதையை வேறோர் இடத்தில் துண்டிக்கலாம். கணக்கைக் காட்டி, கணக்குக்குரியவரின் பெயரை மறைத்துவிடலாம். பங்குச் சந்தையில் இத்தனை பங்கு இன்ன விலைக்குக் கைமாறியது என்று அறிவிப்பார்கள். யார் விற்றார், யார் வாங்கினார் என்று கூறமாட்டார்கள். அதுபோன்றதே இதுவும். மேலதிகப் பாதுகாப்பாக, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலுக்கும் புதிய திறப்பொன்றைப் பயன்படுத்துவது நல்லது. ஆயினும் சில தொடர்புகள் வெளிப்படுவதைத் தவிர்க்க முடியாது; ஒரு திறப்பின் சொந்தக்காரர் யாரென்று தெரிந்துவிட்டால் அவருடைய பிற கொடுக்கல் வாங்கல்களும் தெரியவரலாம்.

ஒரு சிறு பகுதிக்குள் அமைந்த வாதம் இது. அதன் தொடக்கத்தில் நம்பிக்கை, நடுவில் உவமை, முடிவில் ஒப்புதல் வாக்குமூலம். அவ்வாக்குமூலத்தைப் பிற்காலத்து விற்பனையாளர் எவரும் சனங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. உவமையும் பிழையானது. பங்குச் சந்தை அறிவிப்பில் இன்றைய விற்பனைக்கும் நேற்றைய விற்பனைக்கும் இடையே சங்கிலி இல்லை. பிட்கொயின் பேரேட்டிலோ ஒவ்வொரு நாணயமும் தான் வந்த வழி முழுவதையும் சுமந்துகொண்டே வருகிறது.

இதனை விளங்கிக்கொள்ள அம்முறைமையின் இயக்கத்தைச் சற்று அறிதல் வேண்டும். பிட்கொயினில் ஒருவர் பெற்ற தொகைகள் கலந்து ஒரே மீதியாகிவிடுவதில்லை. பெற்ற ஒவ்வொரு தொகையும் ஒரு தனி நோட்டுப் போல நிற்கும். கொடுக்கும்போது அந்த நோட்டை முழுமையாகக் கொடுத்து, மிச்சக் காசைத் தமக்கே திரும்ப எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு நோட்டுப் போதாவிடின் பல நோட்டுகளைச் சேர்க்கவேண்டும். பல முகவரிகளிலிருந்து நோட்டுகள் ஒரே கொடுப்பனவுக்காகக் கூடி வந்தால் அம்முகவரிகள் யாவும் பெரும்பாலும் ஒருவருடையவையே என்று ஊகிக்கலாம். மிச்சக் காசு எந்த முகவரிக்குத் திரும்பியது என்று கண்டுகொண்டால் அம்முகவரியும் அவருடையதே. இவ்விரு ஊகங்களையும் கையிற் கொண்டு, பொறுமையுள்ள எவரும் ஆயிரம் முகவரிகளை ஓர் ஆளாகத் திரட்டிவிடலாம். கிரிப்டோ என்ற சொல்லின் கிரேக்க மூலத்துக்கு 'மறைவு' என்று பொருள். பிட்கொயினிலோ மறைக்குறிக் கலை கையெழுத்தை நிறுவுவதற்கே பயன்படுகிறது; கொடுக்கல் வாங்கலை மறைப்பதற்கன்று. பெயரைக் கேட்டு ஏமாந்தவர் பலர்.

ஆசிரியருடைய போதனையை ஆசிரியருடைய நடைமுறையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது விமர்சகனின் உரிமை. ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய முதலாவது பிட்கொயின் கொடுப்பனவு 2009 ஜனவரி 12ஆந் திகதி நிகழ்ந்தது. நக்கமோட்டோ ஹால் பினி என்ற கணினி அறிஞருக்கு 10 நாணயம் அனுப்பினார். 50 நாணயம் கொண்ட நோட்டொன்றைக் கொடுத்து 40 நாணயத்தை மிச்சமாகத் திரும்பப் பெற்றார். அந்த 40உம் எந்தத் திறப்புக்குத் திரும்பின? கொடுத்த அதே திறப்புக்கு! ஒவ்வொரு முறையும் புதிய திறப்பைப் பயன்படுத்துக என்று எழுதியவரே முதற் கொடுப்பனவில் அவ்வறிவுரையைப் பின்பற்றவில்லை. இன்றும் இணையத்தில் எவரும் அவ்வரியைத் திறந்து பார்க்கலாம். எழுதியவராலேயே கைக்கொள்ளப்படாத விதியைச் சாதாரண மக்கள் ஆயுள் முழுவதும் பிழையின்றிக் கைக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பதே இப்பாதுகாப்பு முறையின் இலட்சணம்.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். 2013இல் செர்ஜியோ லேர்னர் என்ற ஆராய்ச்சியாளர் ஆரம்பகாலப் பேரேட்டின் தடயங்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 10 இலட்சம் நாணயங்கள் ஒருவராலேயே உருவாக்கப்பட்டவை என்று மதிப்பிட்டார். அவ்வொருவர் நக்கமோட்டோவாகவே இருக்கலாம் என்பது பலரின் கருத்து. அந்நாணயங்கள் ஏறக்குறைய முழுவதும் அசையாமற் கிடக்கின்றன. ஆளைக் காணாதோர் பெட்டகத்தைக் காண்கின்றனர். அதன் சொந்தக்காரர் இன்னும் மறைந்திருக்க முடிவதற்கு அவர் செலவு செய்யாமையும் ஒரு காரணம். செலவு செய்யாதவனுக்கே அந்தரங்கம் என்றால் உழைத்து உண்பவனுக்கு அங்கே என்ன இடம்? அவன் நாள்தோறும் அரிசி வாங்கவேண்டியவன்.

பெயர் எவ்வாறு வெளிப்படுகிறது என்பதை ஆராய்ச்சிகள் படிப்படியாகக் காட்டியுள்ளன. 2011இலேயே டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பேர்கல் ரீட், மார்ட்டின் ஹரிகன் என்போர் இப்பேரேட்டின் முகவரிகளை ஒன்றோடொன்று இணைத்துக் காட்டினர். 2013இல் கலிபோர்னியாவில் சாரா மைக்கிள்ஜோனும் அவருடைய தோழர்களும் எளியதொரு வழியை மேற்கொண்டனர். அவர்கள் பல நிறுவனங்களோடு 344 கொடுக்கல் வாங்கல்களைத் தாமே நடத்தினர். பொருளை வாங்கியதும் கடைக்காரரின் முகவரி தெரிந்துவிடுகிறது. அதிலிருந்து அவருடைய ஏனைய முகவரிகள் தெரிகின்றன. அவற்றோடு தொடர்புகொண்டோரின் நடமாட்டமும் தெரிகிறது. 2017இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் பிட்கொயினை ஏற்கும் 130 இணையக் கடைகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் 53 கடைகள் கொடுப்பனவு பற்றிய விபரங்களை விளம்பர நிறுவனங்கள் போன்ற வெளியாருக்குக் கசியவிட்டமை தெரியவந்தது. வாங்கியவர் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தால் என்ன? கடையின் பின்கதவு திறந்தே கிடக்கிறது.

மேலும், காசைக் கொடுத்து இந்நாணயத்தை வாங்கும் மாற்று நிலையங்கள் பெரும்பாலான நாடுகளில் அடையாள அட்டையையும் வதிவிடத்தையும் சட்டப்படி பதிந்துகொள்கின்றன. ஒரு பக்கத்தில் பெயர்களின் பட்டியல்; மறுபக்கத்தில் முகவரிகளின் பட்டியல். இரண்டும் ஒருவர் கையிற் சேர்ந்தால் மறைவு என்பது மிஞ்சாது. 2020 டிசெம்பரில், நாணயத் திறப்புகளைப் பாதுகாக்கும் சிறு கருவிகளை விற்கும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சுமார் 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் இணையத்திற் கொட்டப்பட்டன. 2025இல் கொயின்பேஸ் என்ற மாற்று நிலையத்தின் உதவிப் பணியாளர் சிலர் இலஞ்சம் பெற்று, 69,000இற்கு மேற்பட்ட வாடிக்கையாளரின் விபரங்களைக் கள்வருக்குக் கொடுத்தமை வெளியாயிற்று. வங்கியில் விபரம் களவுபோனால் அன்றைய மீதி தெரியவரும். இங்கோ பெயரும் முகவரியும் இணைந்துவிட்டால் கடந்தகாலம் முழுவதும் தெரியவரும். எதிர்காலத்துச் செலவுகளும் தொடர்ந்து தெரிந்துகொண்டேயிருக்கும். கடவுச்சொல்லை மாற்றலாம், பேரேட்டை மாற்ற முடியாது.

இக்குறைகளை வெறும் தொழில்நுட்பக் குறைகளாகக் கொள்வோர் உளர். நமது அபிப்பிராயம் வேறு. குறை அவ்வறிக்கை மனிதனைப் பார்த்த பார்வையிலேயே இருக்கிறது. அதன் ஆசிரியர் கண்ட மனிதன் தனியன். அவனுக்குத் திறப்பு உண்டு, கணினி உண்டு, அயலவர் இல்லை. தான் பெயரைச் சொல்லாதிருந்தால் எவருக்கும் தெரியாது என்று அவன் நம்புகிறான். தீவிலே தனித்து வாழும் ரொபின்சன் குரூசோவைக் கொண்டு பொருளாதாரத்தை விளக்க முற்பட்ட அறிஞர்களைக் கார்ல் மார்க்ஸ் எள்ளி நகையாடியதை வாசகர் அறிவர். அக்குரூசோவே இவ்வறிக்கையில் கணினியோடு மீண்டும் வந்திருக்கிறான். ஆனால், பணம் என்பது மனிதருக்கிடையிலான உறவு. கொடுப்பவன் இருந்தால் வாங்குபவனும் இருப்பான். சம்பளம் தருபவனுக்கு என் பெயர் தெரியும். அரிசி தருபவனுக்கு என் வீடு தெரியும். மருந்து தருபவனுக்கு என் நோய் தெரியும். இவர்கள் ஒவ்வொருவரும் அறிந்தது ஒரு துண்டு. அத்துண்டுகள் இணையாதிருப்பதனாலேயே மனிதன் மானத்தோடு நடமாடுகிறான். பகிரங்கப் பேரேடு செய்யும் வேலை அத்துண்டுகளைத் தைத்துவிடுவதே. நமது அந்தரங்கம் நம் கையில் மட்டும் இல்லை. நம்மோடு கொடுக்கல் வாங்கல் செய்த எல்லோர் கையிலும் இருக்கிறது. இச்சமூக உண்மையைத் தனிநபர்வாதத்தால் காண முடியவில்லை.

ஓர் உதாரணத்தை எண்ணிப் பார்ப்போம். தொழிலாளருக்கு இத்தகைய நாணயத்திலே சம்பளம் கொடுக்கும் முதலாளி ஒருவரைக் கற்பனை செய்வோம். தொழிலாளரின் முகவரிகளை அவர் அறிவார், அவரே அனுப்பியவர். தொழிற்சங்கம் வேலைநிறுத்த நிதி சேர்க்க ஒரு முகவரியை வெளியிடுகிறது. சம்பள நாளுக்கு மறுநாள் எந்தெந்த முகவரியிலிருந்து அந்நிதிக்குப் பணம் போயிற்று என்று பார்க்க முதலாளிக்கு உளவாளி தேவையில்லை, இலஞ்சம் தேவையில்லை. பேரேட்டைத் திறந்தாற் போதும். உண்டியலில் நாணயத்தைப் போட்ட தொழிலாளியின் பெயரை உண்டியல் சொன்னதில்லை. இப்பேரேடோ ஒவ்வொரு நாணயமும் எங்கிருந்து விழுந்தது என்று எழுதி வைக்கும் உண்டியல்.

இது கற்பனை மட்டுமன்று. 2022 பெப்ரவரியில் கனடாவில் பாரவண்டிச் சாரதிகள் சிலர் தடுப்பூசிக் கட்டாயத்துக்கெதிராகத் தலைநகரை மறித்தனர். அவர்களுடைய அரசியல் நமது அரசியலன்று. ஆனால் அவர்களுக்குச் சேர்ந்த பிட்கொயின் நன்கொடைகள் எங்கெங்கே பிரிந்து சென்றன என்று பேரேட்டிலே தெரிந்தது. பொலிசார் 34 முகவரிகளின் பட்டியலை மாற்று நிலையங்களுக்கு அனுப்பி அவற்றோடு தொடர்பு கொள்ளலாகாது என்று பணித்தனர். இன்று நமக்கு உடன்பாடில்லாதவர் மீது எடுக்கப்பட்ட கருவி நாளை வேலைநிறுத்தக்காரர் மீது எடுக்கப்படாது என்பதற்கு எந்த அரசின் வரலாறும் உத்தரவாதம் தரவில்லை.

மறுபக்கத்தையும் கூறல் வேண்டும். 2020 ஒக்டோபரில் நைஜீரியாவில் பொலிஸ் கொடுமைக்கெதிராக இளைஞர் எழுச்சி கொண்டனர். அவர்களுக்கு நிதி திரட்டிய பெமினிஸ்ட் கோஎலிஷன் என்ற பெண்கள் அமைப்பின் வங்கி வழி அடைக்கப்பட்டபோது, அவர்கள் பிட்கொயினில் நன்கொடை பெற்றனர். அதற்கு முன்னர் 2010 டிசெம்பரில், அமெரிக்க அரசின் இரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸுக்குப் பணம் அனுப்பும் வழிகளை விசா, மாஸ்டர்கார்ட் ஆகிய நிறுவனங்கள் மூடின. அவ்வமைப்பு 2011இல் பிட்கொயினை நாடியது. வங்கியின் கதவு மூடப்பட்ட வேளையில் இன்னொரு கதவு திறந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கதவினூடாகச் சென்ற ஒவ்வொருவரின் காலடியும் வாசலில் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது. நைஜீரியப் பெண்கள் நன்கொடையாளர் ஒவ்வொருவருக்கும் புதிய முகவரி தரும் மென்பொருளைத் தேடிப் பயன்படுத்தியது இவ்வபாயத்தை உணர்ந்த செயலாகவே நமக்குத் தோன்றுகிறது. தடை செய்ய முடியாமை ஒன்று. காண முடியாமை வேறு. முதலாவதைப் பெற்றவர்கள் இரண்டாவதையும் பெற்றதாக எண்ணி ஏமாறுகின்றனர்.

இனி, யார் யாரைப் பார்க்கின்றனர் என்ற கேள்விக்கு வருவோம். பேரேடு எல்லோருக்கும் திறந்திருக்கிறது. ஆகவே எல்லோரும் சமம் என்பர். நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதனால் எழுத்தறியாதவனும் எழுத்தறிந்தவனும் சமமாகிவிடுவார்களா? கோடிக்கணக்கான வரிகளைக் கோர்த்துப் பொருள் காணக் கருவி வேண்டும், ஆள் வேண்டும், பணம் வேண்டும். 2014இல் தோன்றிய செயினலிசிஸ் போன்ற நிறுவனங்கள் அக்கருவிகளை அரசுகளுக்கும் வங்கிகளுக்கும் விற்கின்றன. தொழிலாளியின் கையில் அவை இல்லை. அதே வேளையில் பெருஞ்செல்வர் பேரேட்டுக்கு வெளியே நிற்கக் கற்றுக்கொண்டனர். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணைக்குழு பிட்கொயின் நிதியங்களுக்கு அனுமதி வழங்கியது. அந்நிதியத்தின் வழியாகக் கோடி டொலர் போட்டவனின் பெயரோ கொடுக்கல் வாங்கலோ பேரேட்டில் வருவதில்லை. நிதியத்தின் காப்பாளருடைய முகவரிகளே வருகின்றன. அவனுடைய கணக்குத் தரகரின் மூடிய புத்தகத்துள் இருக்கிறது. அறிக்கையின் ஆசிரியர் ஒழிக்க விரும்பிய பழைய வங்கி அந்தரங்கம் செல்வனுக்கு மீண்டும் கிடைத்துவிட்டது. நேரடியாகக் கையிலே திறப்பை வைத்துக்கொண்டு, அறிக்கை சொன்னபடி நடந்த சிறியவனே வெளிச்சத்தில் நிற்கிறான்.

இவ்விடத்தில் நமது தோழர்களே ஒரு தடையை எழுப்பலாம். "கணக்குகள் வெளிப்படையாக இருப்பது நல்லதல்லவா? மறைக்க விரும்புபவன் சுரண்டுபவன்தானே?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. 2015இல் அமெரிக்க அரசின் துப்பறியும் அதிகாரிகளான கார்ல் போர்ஸ், ஷோன் பிரிட்ஜஸ் என்ற இருவர், தாம் விசாரித்த கள்ளச் சந்தையிலிருந்தே பிட்கொயினைத் திருடியமைக்காகத் தண்டிக்கப்பட்டனர். அவர்களைக் காட்டிக்கொடுத்ததில் பேரேட்டுக்குப் பெரும் பங்குண்டு. 2019இல் குழந்தைகளைச் சீரழித்த இணையத் தளமொன்றின் வாடிக்கையாளர் 337 பேர் 38 நாடுகளில் கைதானதற்கும், துன்புறுத்தப்பட்ட 23 குழந்தைகள் மீட்கப்பட்டதற்கும் அதே பேரேடு உதவிற்று. இவற்றைக் கண்டு மகிழாதவன் மனிதனல்லன். பேரேடு தன்னளவில் தீயது என்று நாம் கூறவில்லை.

ஆனால், ஒரு குற்றவாளியைப் பிடிப்பதற்காக ஊரிலுள்ள எல்லா வீட்டுச் சுவர்களையும் கண்ணாடியாக்குவது நீதியாகுமா? வெளிப்படை என்பது திசையுள்ள சொல். அதிகாரத்தை நோக்கி அது திரும்பும்போது சனநாயகம். அதிகாரமற்றவனை நோக்கித் திரும்பும்போது கண்காணிப்பு. அரசின் வரவு செலவும் கம்பனியின் இலாபமும் மேடையில் வைக்கப்பட வேண்டியவை. தாய் வாங்கிய மருந்தும் இளைஞன் கொடுத்த சந்தாவும் அவ்வாறல்ல. இரண்டையும் ஒரே அளவில் வெளிப்படுத்தும் நடுநிலைமை, ஏற்கெனவே சமமற்ற சமுதாயத்தில், வலியவன் பக்கமே சாயும்.

மறைப்பை மீட்க முயன்றோர் இல்லாமலில்லை. 2014இல் மொனேரோ, 2016இல் இசட்-காஷ் என்னும் நாணயங்கள் தோன்றின. கொடுப்பவரையும் தொகையையும் மறைக்கும் கணித முறைகள் அவற்றில் உள்ளன. எதேரியம் என்ற இன்னொரு பகிரங்கப் பேரேட்டில், பலருடைய நாணயங்களைக் கலந்து தடயத்தைத் துண்டிக்கும் டொர்னேடோ காஷ் என்ற மென்பொருள் எழுந்தது. உக்ரேனுக்குத் தாம் அளித்த நன்கொடையைப் பெற்றவர்களைக் காப்பதற்காக அதனைப் பயன்படுத்தியதாக எதேரியத்தை உருவாக்கிய விட்டாலிக் புட்டெரின் கூறியுள்ளார். அதே மென்பொருளை வட கொரியாவோடு தொடர்புடைய கள்வர்களும் பயன்படுத்தினர் என்று கூறி அமெரிக்க அரசு 2022 ஓகஸ்டில் அதன் மீது தடை விதித்தது. 2025 மார்ச்சில் அத்தடையை நீக்கியது. ஆயினும் அதனை எழுதியவர்களுள் அலெக்சி பேர்ட்செவ் 2024இல் நெதர்லாந்து நீதிமன்றத்தால் ஐந்து ஆண்டும் நான்கு மாதமும் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டார். ரோமன் ஸ்டோர்ம் 2025 ஓகஸ்டில் அமெரிக்காவில் ஒரு குற்றச்சாட்டில் குற்றவாளியாகக் காணப்பட்டார். அரசியலைத் தவிர்த்துவிட்டுக் கணிதத்தால் மட்டும் சுதந்திரத்தைப் பெறலாம் என்ற நம்பிக்கை, நீதிமன்ற வாசலில் அரசியலையே சந்தித்தது. எதனை மறைக்கலாம், எதனை மறைக்கலாகாது என்பது சமுதாயம் கூடித் தீர்மானிக்க வேண்டிய கேள்வி. மென்பொருளை எழுதிவிட்டு அக்கேள்வியிலிருந்து ஓட முடியாது.

நக்கமோட்டோவுக்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இக்கேள்வியை வேறுவிதமாக அணுகிய ஒருவர் இருந்தார் என்பதை முடிவாக நினைவூட்ட விரும்புகிறோம். டேவிட் சௌம் என்ற அமெரிக்க அறிஞர் 1982இல், வங்கி தன் கையொப்பமிட்ட நாணயத்தைப் பின்னர் அடையாளங் காண முடியாத ஒரு முறையை வகுத்தார். கொடுப்பவர் யாரென்று வங்கிக்கும் தெரியாது. ஆனால் வாங்கும் வணிகர் பெற்ற தொகை வங்கிக்குத் தெரியும். அவர் 1989இல் நிறுவிய டிஜிகாஷ் 1998இல் முறிந்தது. வணிகத்தில் அவர் தோற்றார், சிந்தனையில் தோற்கவில்லை. இன்று டேலர் என்ற திறந்த மென்பொருள் அவ்வழியையே பின்பற்றுகிறது: வாங்குபவரின் பெயர் மறைந்திருக்கும், விற்பவரின் வருமானம் வரி அறவிடக்கூடியதாகத் தெரிந்திருக்கும். இவ்வேற்பாடும் குறையற்றதென்று நாம் கூறவில்லை. அதில் வங்கியை நம்பவேண்டியிருக்கிறது. எனினும், வெளிச்சம் எத்திசையில் விழவேண்டும் என்ற கேள்வியை அது கேட்டிருக்கிறது. நக்கமோட்டோவின் அறிக்கை அக்கேள்வியைக் கேட்கவேயில்லை.

ஆகவே, இவ்வறிக்கையைப் பற்றிய நமது முடிபு இதுவாகும். அது நேர்மையான கோபத்திற் பிறந்த, சுருக்கமும் தெளிவும் வாய்ந்த எழுத்து. தன் பலவீனத்தைத் தானே ஒப்புக்கொண்ட நேர்மையும் அதற்குண்டு. ஆனால், வங்கியை நம்பாதே என்று கூறியவர், நம்பத்தக்க ஸ்தாபனத்தை மக்கள் கூடி அமைக்கலாம் என்ற எண்ணத்துக்கே இடம் வைக்கவில்லை. சமுதாயத்தை நீக்கிவிட்டு மிஞ்சிய வெற்றிடத்தில் ஒரு பேரேட்டை வைத்தார். அவ்வெற்றிடத்தில் இன்று மாற்று நிலையங்களும் ஆய்வுக் கம்பனிகளும் உளவுத் துறைகளும் குடியேறியுள்ளன.

நமது மாணவர் பலர் கைத்தொலைபேசியில் இந்நாணயங்களின் விலை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருக்கின்றனர். விலையைப் பார்க்கும் அவர்களிடம், அப்பேரேடு அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை எடுத்துக்கூறுவது ஆசிரியர்களாகிய நமது கடமை. ஒரு நாணயத்தை வாங்குமுன் அது என்ன விலை என்று கேட்பதோடு நின்றுவிடாது, நாளை எனது சங்கச் சந்தாவை யார் படிப்பார் என்றும் கேட்கப் பழகட்டும். அக்கேள்வியைத் தனியொருவராக அன்றிக் கூட்டாகக் கேட்கத் தொடங்கும்போதே, காசு மீண்டும் காசாக இருப்பதற்கான வழியும் பிறக்கும்.